கேப் டவுன் போகிறவர்களுக்கு: தெருவில் நடக்க ‘பெர்மிட்’ என்று ஒன்று கிடையாது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், டர்பனைப் பார்த்து முடித்து மூன்று நாள் கேப் டவுன் போனார்கள். சனிக்கிழமை ராத்திரி லாங் ஸ்ட்ரீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிவாக்கில் தங்கும் இடத்துக்கு நடந்தே கிளம்பினார்கள். பத்து நிமிட நடைதான். பாதி வழியில், ஒளிரும் மேல்சட்டை போட்டுக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவன் நிறுத்தினான். இந்தத் தெருவில் இன்று நிகழ்ச்சி இருக்கிறது, நடக்க பெர்மிட் வேண்டும், காசு கிடையாது, அந்த ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் சீட்டு வரும் என்றான். எதிரே வந்த இன்னொருவன் கையிலிருந்த சீட்டைக் காட்டி, தானும் இப்போதுதான் எடுத்ததாகச் சொன்னான். “சரி, கார்டைப் போடுடா, நேரமாச்சு” என்றான் அண்ணன்.

காலையில் தம்பி கணக்கில் 12,000 ரேண்ட் இல்லை.

அந்த நகரில் ராத்திரி தெருவில் நடக்க எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். ஏடிஎம் எந்த ஊரிலும் பெர்மிட் அச்சடிக்காது. நகர மையத்தில் வருஷக்கணக்காக நடக்கிற ஏமாற்று இது. இருந்தும் புதிதாக வருகிறவர்கள் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அடையாள அட்டைக்கு நாம் கொடுக்கும் மரியாதை அப்படி.

மெஷின் முன்னால் நடப்பது இதுதான். கார்டு உள்ளே போனதும் ஒருவன் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டே இருப்பான். பின் நம்பர் போட்டதும் எட்டி ரத்துப் பொத்தானை அழுத்துவான். “வேலை செய்யவில்லை, மறுபடி போடுங்கள்.” இரண்டாவது தடவை போடும்போது நாலு எண்ணும் அவனுக்கு மனப்பாடம். கார்டு வெளியே வரும் நொடியில், மற்றவன் நம் தோளைத் தொட்டு ஏதோ கேட்பான். திரும்புகிறோம். கார்டு அவன் உள்ளங்கைக்குள். உள்ளூர்க்காரர் என்றால் அதே வங்கியின் வேறொரு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம்மூர் வங்கிக் கார்டுக்கு ஜோடி கிடைக்காதே! அதனால் வேறு வசனம்: “மெஷின் விழுங்கிவிட்டது, காலையில் வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.” பணம் போவது இந்த ஒரு வாக்கியத்தால்தான். கார்டு பத்திரமாக மெஷினுக்குள் இருக்கிறது என்று நம்பித் தூங்கப் போகிறோம். அடுத்த தெரு ஏடிஎம்மில் நாலாயிரம் நாலாயிரமாக மூன்று முறை எடுத்தாகிவிட்டது.

எஸ்எம்எஸ் வரவில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். வந்தது, இந்திய சிம்முக்கு. அந்த சிம் கழற்றிப் பர்ஸில் கிடந்தது. போனில் இருந்தது விமான நிலையத்தில் வாங்கிய உள்ளூர் சிம். காலையில் சாட்ஸ்வொர்த் மாமாவிடம் போனில் பேசிய பிறகுதான், “கார்டை முதலில் பிளாக் பண்ணுங்கப்பா” என்று அவர் கத்திய பிறகுதான், விஷயமே புரிந்தது. வங்கியின் உதவி எண் எங்கே என்று பார்த்தால், அது காணாமல் போன கார்டின் முதுகில்!

பணம் திரும்பக் கிடைக்குமா? 2017 ஜூலையில் வந்த இந்திய ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொல்வது: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் தலையில். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. சொந்தப் பின் நம்பரில் எடுத்த பணத்தைக் கவனக்குறைவு என்றுதான் வங்கி சொல்லும். அதனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்தால் திருடன் கையில் கார்டே கிடைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏடிஎம், கடை மெஷின், இணையம் எனத் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும், வரம்பு வைக்கவும் வங்கி ஆப்பிலேயே வசதி இருக்கிறது. 2020 முதல் வங்கிகள் இதைத் தந்தாக வேண்டும். பகலில், ஒரு மாலுக்குள் இருக்கும் ஏடிஎம்மில், தேவையான ரேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த கையோடு வெளிநாட்டு ஏடிஎம்மை மூடிவிடுங்கள். கடை மெஷினுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும் அளவு வரம்பு போதும். சேமிப்புக் கணக்குக் கார்டு அறையில் இருக்கட்டும். இந்திய சிம்மை இரண்டாவது சிம்மாகப் போனிலேயே வைத்து ரோமிங்கைத் திறந்து வையுங்கள். வங்கியின் உதவி எண்ணை 91 சேர்த்து எழுதிக் கூட வருகிறவர் போனிலும் போட்டு வையுங்கள். 1800 என்று தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. இங்கே ராத்திரி 12 மணி என்றால் இந்தியாவில் 3.30, வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். வங்கி எடுக்கும்.

தெருவில் யாராவது நிறுத்தினால் வாதாட வேண்டாம், நிற்கவும் வேண்டாம். ஆள் நடமாட்டமுள்ள உணவகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். நிஜப் போலீஸ் யாரும் ஏடிஎம்முக்குக் கூட்டிப் போகமாட்டார். கத்தியைக் காட்டினால் கதையே வேறு: கொடுத்துவிடுங்கள்.

உண்மையில் அந்தப் பத்து நிமிட நடையே வேண்டாம். ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. வண்டி வரும்வரை உணவகத்துக்குள்ளேயே இருங்கள், நடைபாதையில் நின்று போனைப் பார்ப்பது பறிக்க வருகிறவனுக்குத் தாம்பூலம் வைப்பது மாதிரி. நம்பர் பிளேட்டைச் சரிபார்த்த பிறகு, “யாருக்காக வந்தீர்கள்?” என்று ஓட்டுநரைக் கேளுங்கள். பெயரை அவர் சொல்லட்டும்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறை போய் வந்த பிறகு மேஜையில் இருந்த கிளாஸைத் தொடாதீர்கள், அதில் யாராவது எதையாவது கலந்திருக்கலாம். இரண்டு பியருக்கு இவ்வளவு தள்ளாட்டமா என்று தோன்றினால் அந்த ஆளைத் தனியாக அறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று இந்நாட்டு அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

மாட்டிக்கொண்டால், பக்கத்து உணவகத்துக்குள் நுழைந்த கையோடு முதலில் ஆப்பில் கார்டை முடக்குங்கள், அடுத்து வங்கிக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். ஆபத்து இருந்தால் கைபேசியிலிருந்து 112, போலீசுக்கு 10111. பிறகு காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்து வழக்கு எண் வாங்க வேண்டும், அது இல்லாமல் பயணக் காப்பீட்டில் ஒன்றும் நகராது. எந்த மூலை ஏடிஎம், எத்தனை மணி என்பதை மறக்குமுன் குறித்து வைத்துப் போலீசிடம் சொல்லுங்கள். கேமரா பதிவுகள் அழிந்துகொண்டே இருக்கும்.