கிரானைட் துண்டும் சுண்ணாம்பும்: வாடகை வீட்டு அலங்காரம், மூன்று வருடத்துக்குப் பின்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாங்கள் குடியிருப்பது பழைய காரைச் சுவர் வீடு. வந்த புதிதில் கையில் காசு குறைவு, வீட்டை அழகாக வைக்கும் ஆசை அதிகம். அன்று செய்தவற்றில் மூன்று வருடம் தாண்டி எது நிற்கிறது, எது உரிந்து போனது என்று சொல்கிறேன்.

என் முதல் ஓட்டு கிரானைட் துண்டுகளுக்கு. நம் மாவட்டத்தில் கல் அறுக்கும் பட்டறைக்குப் பஞ்சமா? சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் வெட்டியது போக மிஞ்சுகிற கட்டிங் பீஸ் அங்கே சுவரோரம் சாய்ந்து கிடக்கும். முழு ஸ்லாப் விலை கேட்டால் தலை சுற்றும்; துண்டுக்குப் பேரம் பேசலாம். "ஓரம் பாலிஷ் போடத்தான் கூலி, அக்கா; கல்லுக்கு நீங்களே பார்த்துக் குடுங்க" என்றார் பட்டறைக்காரர்.

கல்லைத் தட்டாக மாட்டச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடவில்லை. சரி என்று சிமெண்ட் சாலிட் பிளாக் அடுக்கி, மேலே கல்லை வைத்துவிட்டோம். டிவியும் புத்தகமும் அதில்தான். ஒரு விதத்தில் அதுவே நல்லது. 20 மி.மீ. கனமுள்ள கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ வரும். பழைய சுவரில் திருகாணி தாங்குமா என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம். வீடு மாறினாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

குறை இருக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு எடுத்த கறுப்புக் கல்லில், போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்த்தால் பாலிஷ் மங்கும். ஈரம் பட்டவுடன் துடைப்பதுதான் வழி. மறுபடி வாங்கினால் பர்கூர் பக்கத்து பாரடைசோ கிரானைட்தான். அந்த அலை அலையான ஊதாச் சிவப்பில் கறை கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சுண்ணாம்பு. காரைச் சுவரின் ஈரம் வெளியேற வழி வேண்டும். எமல்ஷன் அடித்த முன்னறையில் கொப்புளம் வந்தது, சுண்ணாம்பு அடித்த அறைகளில் வரவில்லை. ராத்திரியே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி நீலமும் கொஞ்சம் பசையும் கலந்து, சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். அடிக்கும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பெயிண்ட் இருந்தால் சுரண்டாமல் அடிக்காதீர்கள், ஒட்டாது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டுவதுதான் தொல்லை. கட்டிலுக்குப் பின்னால் கோரைப்பாய் ஒன்றை மாட்டிவிட்டேன், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. வருடா வருடம் பொங்கலுக்கு முன் ஒரு கை அடிக்க வேண்டும்.

செங்கல் வடிவ ஃபோம் ஸ்டிக்கர்? வேண்டாம். முதல் கோடையிலேயே ஓரம் கிளம்பியது. உரித்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்தது, பின்னால் பூஞ்சை.

திரைக்குப் பழைய சேலைதான். ஸ்பிரிங் கம்பியும் கொக்கியும் வாங்கியதோடு செலவு முடிந்தது. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பருத்தி ஆகாது, வெயிலில் வெளுத்து நைந்துவிட்டது. பூனம் சேலை இன்னும் தாங்குகிறது. முன்னறைக்கும் அதையே போட எண்ணம். அத்தை பீரோவில் இரண்டு பார்த்துவைத்திருக்கிறேன், கேட்கத்தான் நேரம் பார்க்க வேண்டும்.