நாய்க்கு வயிற்றுப்போக்கு: மாத்திரையா, கோழிச் சோறா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாய் வளர்ப்பவர்கள் வீட்டில், போன தடவை மிஞ்சிய மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்றிரண்டாவது கிடக்கும். எங்கள் நாய்க்குச் சளியும் லேசான இரத்தமுமாகப் போனபோது, அந்த மாத்திரையா, எளிதில் செரிக்கும் உணவு மட்டுமா என்ற முடிவைக் கால்நடை மருத்துவர் எங்களிடமே விட்டார். நாங்கள் உணவைத் தேர்ந்தோம்: தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி, குழைந்த சோறு, கொஞ்சம் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி. இசப்கோலுக்கு லிட்டில் இந்தியா வரை ஒரு நடை போதும்.

செலவில் பெரிய வேறுபாடில்லை. மாத்திரை கடும் கசப்பு. கோழியை எந்த நாய் மறுக்கும்?

மாத்திரை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் பெற்ற நாய்களுக்குச் சராசரியாக 2.1 நாளிலும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவற்றுக்கு 3.6 நாளிலும் வயிற்றுப்போக்கு நின்றது. ஒன்றரை நாள் லாபம்தான். ஆனால் பெருங்குடல் அழற்சி கண்ட நாய்களைப் பற்றிய 2022 ஆய்வில், உணவோடு மெட்ரோனிடசோலும் பெற்றவை, உணவு மட்டும் பெற்றவற்றைவிடத் தாமதமாகவே தேறின. இரண்டுமே சிறிய ஆய்வுகள் என்பதால், வேகத்தை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, மருந்தை நிறுத்திய பிறகு குடலில் நடப்பது. நலமாக இருந்த நாய்களுக்கே இரண்டு வாரம் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பித்த அமிலங்களை மாற்றி, கெட்ட கிருமிகளை அடக்கி வைக்க உதவும் நல்ல பாக்டீரியாக்கள் சரிந்தன. நிறுத்தி நான்கு வாரமாகியும் சில நாய்களில் அவை மீளவில்லை. தானே அடங்கக்கூடிய ஒரு தொல்லைக்காக, ஒன்றரை நாள் மிச்சம் பிடிக்க, இத்தனை விலையா? கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் கவலை வேறு. 2024இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டியும், லேசான, நடுத்தரமான திடீர் வயிற்றுப்போக்குக்கு, இரத்தம் கலந்திருந்தாலும், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது.

காய்ச்சல், சோர்வு, ஓயாத வாந்தி இருந்தால் இந்த ஒப்பீடே பொருந்தாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியானால் முதலில் பார்வோ வைரஸ் சோதனை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று மலப் பரிசோதனையில் தெரிந்தால், கோழிச் சோறு மட்டும் போதாது. அதற்கு ஃபென்பெண்டசோல் போன்ற மருந்து உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் வயிற்றுப்போக்கை நாங்கள் பார்த்ததில்லை. அங்கேயும் உணவு மாற்றத்தையே முதலில் சோதிப்பது வழக்கம், ஆனால் வீட்டுச் சமையலில் அல்ல, புரதத்தை நுண்ணியதாகச் சிதைத்துத் தயாரித்த சிறப்பு உணவில். அதன் விலை கொஞ்சம் கடிக்கும்.