பத்து வயதுக்குப் பதினொருவரா, நால்வரா?

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டத்துக்கு 10 வயதுப் பிள்ளைகளையும் பெரிய மைதானத்தில் அணிக்கு 11 பேராக இறக்கிவிடும் வழக்கம் விடுபடவில்லை. கோல் கம்பங்களுக்கிடையே 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். அந்த வயதுக் கோல் காப்பாளர் எம்பிக் குதித்தாலும் மேற்கம்பம் எட்டாது. அதனால் தூக்கி அடிப்பவனே வெல்கிறான். மற்றவர்களும் அதையே பழகுகிறார்கள். பின்வரிசைப் பிள்ளையின் காலில் பந்து படுவதே அரிது.

அணிக்கு 4 பேர் என்றால் ஆட்டமே வேறு. 30க்கு 20 மீற்றர் இடம், 4ஆம் இலக்கப் பந்து (பெரியவர்களின் பந்தைவிடச் சற்றுச் சிறியது), 2 மீற்றர் அகலக் கோல், காப்பாளர் இல்லை. 8 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் தண்ணீர். பந்து காலுக்கு வரும்போதே எதிராளி ஒட்டி நிற்பான். தலையை நிமிர்த்தி அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். நாளைய தேசிய அணிக்கு வேண்டியது இந்தப் பழக்கம்தான். 2000 ஐரோப்பியக் கிண்ணத்தில் சொந்த மண்ணில் முதற்சுற்றோடு வெளியேறிய பெல்ஜியம், சிறுவர் ஆட்டத்தைச் சிறிய அணிகளாகச் சுருக்கியது; 2018 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்றது. (வேறு காரணங்களும் உண்டு.)

இதிலும் பிழை விடலாம். கோட்டருகே மேலதிகப் பந்துகள் இல்லாவிட்டால் பாதி நேரம் பந்து பொறுக்குவதில் போகும். கோடையில் செம்மண் இறுகிப் பந்து துள்ளும். பந்தின் காற்றைச் சற்றுக் குறையுங்கள். நால்வர் ஆட்டத்திலேயே நின்றுவிட்டால் ஓஃப்சைட்டும் (எதிரணியின் கடைசி வரிசையைத் தாண்டி முன்கூட்டியே நின்று பந்தை வாங்கக்கூடாது என்ற விதி) நீண்ட பாஸும் வராது. 7 பேர், 9 பேர் என ஏற்றி, 13 வயதில் 11 பேருக்குப் போகலாம்.