இ-இன்வாய்ஸ் இணைப்புக்கு 8,500 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன்: கடைக்காரர்கள் கவனத்திற்கு

பினாங்கு லெபு பாசாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். நேற்றுதான் முழு விவரமும் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டி 50 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை மின்னணு முறையில் வரி வாரியத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெறும் முறை) நடைமுறைக்கு வந்ததால், எங்கள் பில் மென்பொருளை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்போடு இணைக்க வேண்டியிருந்தது. மாதம் 280 ரிங்கிட் கட்டணத்தில் இணைப்பையும் பராமரிப்பையும் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஐ தளம் (இரு மென்பொருள்களை இணைத்துத் தரும் சேவை) ஒன்று இருந்தது. மற்றொன்று, பத்தே நாளில் எங்களுக்கென்று நிரல் எழுதித் தருவதாகச் சொன்ன ஒரு சிறு மென்பொருள் நிறுவனம். "மாதா மாதம் ஏன் அண்ணே அழணும்? ஒரே தடவை கட்டுங்க, காலத்துக்கும் உங்களுது" என்றார் அங்கிருந்து வந்தவர். கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்தபடி மூன்று பில் போட்டுக் காட்டினார்; மூன்றிலும், வாரியம் பில்லை ஏற்றதற்கு அடையாளமான கியூஆர் குறியீடு பளிச்சென்று வந்தது. அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் 8,500 ரிங்கிட்டையும் மொத்தமாகக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, பட்டர்வொர்த்தில் உணவகம் நடத்தும் வாடிக்கையாளர் எங்கள் பில்லைப் படம் பிடித்து அனுப்பினார். குறியீடு இருக்க வேண்டிய மூலையில் வெறும் கட்டம். மைஇன்வாய்ஸ் தரும் அனுமதி டோக்கன் (நிரல் உள்ளே நுழைய உதவும் தற்காலிகச் சீட்டு) 60 நிமிடத்தில் காலாவதியாகும், அதன்பின் புதிதாகப் பெற வேண்டும் என்பதையே அந்த நிரல் எழுதியவர் கணக்கில் எடுக்கவில்லை. காலையில் கணினியைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் போட்ட பில்கள் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கின்றன. மற்ற 143 பில்களும் நிராகரிக்கப்பட்டிருக்க, எங்கள் திரையிலோ ஒவ்வொன்றுக்கும் நேராக 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து.

கேட்டதற்கு முதலில் "சர்வர் பிரச்சினை அண்ணே" என்றார்கள். அடுத்த வாரம் எங்கள் கணக்காளர்மீது பழி போட்டார்கள். அதற்கும் அடுத்து, திருத்தம் தனி வேலை என்று 1,800 ரிங்கிட் கேட்டார்கள். 8,500 வாங்கிய வாயால்! மூல நிரலையாவது (அவர்கள் எழுதிய அசல் நிரல்) கொடுங்கள் என்றேன்; அன்றிலிருந்து புலனத்தில் பதிலே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், வியாபாரத்துக்காக வாங்கியது அங்கே செல்லாது.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். மூல நிரலும், மைஇன்வாய்ஸில் பெறும் ரகசியச் சாவியும் (நிரலுக்கான கடவுச்சொல் போன்றது) உங்கள் கையில் இருக்கட்டும். சோதனை பில்லை இரண்டு மணி நேரம் கழித்தும் போட்டு, மைஇன்வாய்ஸ் தளத்திலேயே நுழைந்து பாருங்கள். விரிவாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. 143 பில்களையும் ஒவ்வொன்றாகக் கையால் பதிவேற்றிக்கொண்டிருக்கிறோம், இன்னும் 96 பாக்கி.