பயந்துபோன வேட்டைக்குட்டி: மூத்த நாயோடா, நீளக் கயிற்றிலா?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் யானை விரட்டும் வெடிச் சத்தத்திலோ, பன்றி முட்டியோ மிரண்ட இளநாயை என்ன செய்வது? இரண்டு வழி உண்டு: அமைதியான மூத்த நாயோடு சேர்த்துப் பழக்குவது, அல்லது நீளக் கயிற்றில் கட்டித் தனியே பழக்குவது. எதைத் தொடங்கும் முன்னும் உண்ணி, காய்ச்சல், காதுவலி இருக்கிறதா என்று பாருங்கள். நோயில் சோர்ந்த நாயையும் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்கிறோம்.

செலவு
மூத்த நாய்: அமைதியான நாய் கிடைத்தால் செலவில்லை.
கயிறு: 10 மீற்றர் நைலோன் கயிறும் நெஞ்சுப்பட்டியும். கழுத்துப்பட்டியில் கட்டினால் ஓடி இழுபடும்போது கழுத்து நெரியும், பயம் இன்னும் கூடும்.

நேரம்
மூத்த நாய்: பார்த்துப் பழகும், விரைவு.
கயிறு: காலை மாலை பத்துப் பத்து நிமிடம், வாரக்கணக்கில். பன்றித்தோல் துண்டை 20 மீற்றர் இழுத்து மணம் போட்டு, முடிவில் அவித்த இறைச்சி வைத்து, குட்டியை அந்த மணத்தின் வழியே நடத்துங்கள். பிறகு தூரத்தைக் கூட்டலாம். சத்தத்துக்குப் பழக்கும்போது, நாய் தீன் தின்னும் தூரத்தில் தொடங்குங்கள். தின்ன மறுத்தால் கிட்டப் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். தடவிக்கொடுத்தால் பயம் அதிகரிக்காது, இழுத்துப்போனால்தான் கூடும்.

நிலைப்பு
மூத்த நாய்: தனியே விட்டால் குட்டி உறைந்து நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தனியே நடத்துங்கள். தீனுக்குச் சண்டை பிடிக்கிற நாய் வேண்டவே வேண்டாம்.
கயிறு: பழக்கம் மெதுவாக வந்தாலும் நிலைத்து நிற்கும்.

ஆள், நாய் எல்லாவற்றுக்கும் ஒளிக்கிற குட்டிக்கு மூத்த நாய். வெடிக்கு மட்டும் மிரள்வதற்குக் கயிறு. வேளாண்மைக் காவலுக்கு வாடியில் (காவல் குடிசையில்) தனியே நிற்க வேண்டிய நாய்க்கும் கயிறுதான். எந்த வழியானாலும், குட்டி தேறும்வரை உயிர்ப்பன்றியின் முன்னே விடாதீர்கள்.