இரண்டு நாள், நாலைந்து நண்பர்கள்: கால்வேயா, பெல்ஃபாஸ்ட்டா, கார்க்கா, டப்ளினிலேயே இருந்துவிடலாமா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து டப்ளினில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும், அதற்குள் ஒரு ஊரையும் பார்க்க வேண்டும், கடலையும் பார்க்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒரு திட்டம் போட ஆரம்பித்தால் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழும் பெயர் அயர்லாந்தின் மேற்குக் கடலோரப் பாறைச்சுவரான கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர். அடுத்தது வடக்கே கல்தூண் கடற்கரையான ஜயண்ட்ஸ் காஸ்வே. கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் தென்மேற்கில் சுற்றிவரும் ரிங் ஆஃப் கெர்ரி சாலை என்பார், கடைசியாக ஒரு சோம்பேறி "எதுக்கு இவ்ளோ தூரம், பக்கத்துல ஹோத் போய்ட்டு வந்துரலாம்" என்பார். அந்தச் சோம்பேறி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சனிக்கிழமை இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் பயணத்தை ஆக்கும், கெடுக்கும். டப்ளினில் ரூம் போட்டுக்கொண்டு ஒரே நாளில் மோஹர் போய்வரும் டூர் பஸ்கள் நிறைய இருக்கின்றன. காலை ஏழு மணி வாக்கில் ஏறினால் திரும்பி இறங்க இரவு ஏழு எட்டு ஆகிவிடும், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் பாறை முனையில் நிற்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. மீதியெல்லாம் ஜன்னல் கண்ணாடி வழியே ஆடு பார்ப்பது. தனியாக வந்த சுற்றுலாக்காரருக்கு அது சரி, வேறு வழியில்லை. நாலைந்து பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்ள முடிகிறபோது அப்படிப் போவது வீண்.

முதலில் கால்வே. டப்ளினில் இருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. ஹியூஸ்டன் நிலையத்தில் இருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம், நேர் பஸ்ஸிலும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதனால் வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் அன்றைக்கே ஊருக்குள் ஒரு நடை போட்டுவிடலாம். ஊர் சின்னது. ஷாப் ஸ்ட்ரீட், கீ ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் தெருமுனைக்குத் தெருமுனை யாராவது கிடாரோ பிடிலோ வாசித்துக்கொண்டிருப்பார்கள், பத்து நிமிஷத்தில் ஸ்பானிஷ் ஆர்ச்சும் கோரிப் நதி கடலில் விழும் இடமும் வந்துவிடும். நண்பர்கள் கூட்டத்துக்கு இதைவிடத் தோதான ஊர் அயர்லாந்தில் இல்லை என்பது என் எண்ணம்: யாரும் தொலைந்து போக முடியாது, தொலைந்தாலும் அடுத்த பப்பில் இருப்பார்கள். ஒரு எச்சரிக்கை, பப்களில் பாட்டு இரவு வரை ஓடும், ஆனால் சமையலறையை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடுவார்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் பாட்டு.

சனிக்கிழமை மோஹர். கால்வேயில் இருந்து 75 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும், காரணம் சாலை. அரசு நிறுவனமான பஸ் ஏரனின் 350-ஆம் எண் பஸ் கால்வேயில் இருந்து டூலின் கிராமம் வழியாக மோஹருக்குப் போகிறது, ஆகவே கார் இல்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். கார் இருந்தால் பிளாக் ஹெட் பக்கம் கடலோரமாகச் சுற்றிப் போங்கள். வழியில் வரும் பர்ரன் பகுதி, மரமே இல்லாத சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை வெளி, மோஹரை விட எனக்குப் பிடித்தது. பாறைச்சுவர் உச்சத்தில் 214 மீட்டர் உயரம், ஏப்ரல் முதல் ஜூலை வரை போனால் பஃபின் பறவைகளும் தென்படும். டிக்கெட் கார் கணக்கில் இல்லை, ஆள் கணக்கில், ஆன்லைனில் முன்கூட்டி எடுத்தால் குறையும். நடுப்பகல் கூட்டத்தைத் தவிர்த்து மாலை நாலு மணிக்கு மேல் போனால் வெளிச்சமும் நன்றாக விழும். இப்படி நேரம் பார்த்துப் போவதற்காகத்தான் கால்வேயிலோ டூலினிலோ தூங்கச் சொல்கிறேன். பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை: 2024-இல் உயிரிழப்புகள் நடந்த பிறகு விளிம்போர நடைபாதையின் பகுதிகளை மூடினார்கள். எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள், வேலி தாண்டி படம் எடுக்கும் நண்பரைக் கையைப் பிடித்து இழுங்கள்.

ஞாயிறுக்கு இனிஷ் ஈர் தீவு, இல்லாவிட்டால் கன்னிமாரா. தீவுக்குப் படகு டூலினில் இருந்து போகிறது, ஆனால் கடல் கொந்தளித்தால் ரத்து, அன்று மாலை ஊர் திரும்ப வேண்டிய நாளில் அந்த ரிஸ்க் எனக்குப் பிடிப்பதில்லை. கன்னிமாரா என்றதும் சென்னை எழும்பூர் நூலகம் ஞாபகம் வருகிறதல்லவா, அதே பெயர்தான். 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பர்க் இந்தப் பகுதியின் பெயரைத்தான் தன் பிரபுப் பட்டமாக வைத்துக்கொண்டார். நூலகத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த யாரும், கால்வேக்கு மேற்கே விரியும் இந்தக் கரிச்சேற்று நிலத்தையும் பன்னிரண்டு முகடு மலைகளையும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். கைல்மோர் அபே மடம் வரை போய்த் திரும்பினால் ஞாயிறு சரியாகத் தீரும்.

கால்வேயின் பலவீனம் மழை. அட்லாண்டிக்கின் முதல் மேகம் இங்கேதான் கொட்டும். மோஹரில் மேகம் இறங்கினால் 214 மீட்டரும் வெள்ளைத் திரைதான், அப்போது உள்ளே போய்ப் பார்க்க ஊரிலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. சிட்டி மியூசியம் இலவசம், ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜூலையில் கலைவிழா, அதை அடுத்துக் குதிரைப் பந்தய வாரம், இந்த நாட்களில் ரூம் விலை கையைக் கடிக்கும்.

பெல்ஃபாஸ்ட் இதற்கு நேர் எதிர். மழை பெய்தால் பெல்ஃபாஸ்ட் ஜெயிக்கும். 1911-இல் டைட்டானிக் கப்பலைக் கடலில் இறக்கிய அதே கட்டுதளத்துக்குப் பக்கத்தில் 2012-இல் திறந்த டைட்டானிக் பெல்ஃபாஸ்ட் மியூசியத்தில் மட்டும் மூன்று மணி நேரம் போய்விடும். செயின்ட் ஜார்ஜஸ் மார்க்கெட் வெள்ளி, சனி, ஞாயிறு திறந்திருக்கும், வார இறுதிக்காரர்களுக்கென்றே வைத்த மாதிரி. இவை எல்லாவற்றையும் விட பிளாக் டாக்சி. கத்தோலிக்கர்களின் ஃபால்ஸ் ரோடு, புராட்டஸ்டன்ட்களின் ஷாங்கில் ரோடு என்று இரண்டு தரப்புத் தெருக்களிலும் சுற்றிக்காட்டி, சுவரோவியங்களுக்கு முன்னால் நிறுத்தி, அந்த முப்பது வருஷச் சண்டையை அதை வாழ்ந்த ஊர்க்காரரே சொல்கிறார். 1998-இல் அமைதி ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஆனாலும் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, சில கதவுகளை இரவில் இன்றைக்கும் பூட்டுகிறார்கள். இனச்சண்டை என்றால் என்ன என்று கேட்டு வளர்ந்த இலங்கைத் தமிழ் நண்பர் கூட இருந்தால், டிரைவரிடம் அவர் கேட்கும் கேள்விகள் நாம் கேட்பதாக இருக்காது. ஒரு வண்டியில் ஐந்தாறு பேர் ஏறலாம், வாடகையைப் பங்கிட்டால் தலைக்கு அதிகம் வராது.

கடற்கரையிலும் வடக்கு சளைத்ததல்ல. காஸ்வேயில் சுமார் 40,000 எரிமலைக் கல் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம், ஏறத்தாழ ஆறு கோடி வருஷத்துக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடித்துப் பிளந்தவை. தேனடையைக் கல்லில் வார்த்துக் கடலுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும், அதன் மேல் ஏறி நடக்கலாம் என்பதுதான் மோஹரில் கிடைக்காத சங்கதி. அங்கே நின்று பார்க்கிறோம், இங்கே கால் வைக்கிறோம். கற்களுக்குக் கட்டணம் இல்லை. பார்க்கிங்குக்கும் பார்வையாளர் மையத்துக்கும்தான். பக்கத்தில் காரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலம், தண்ணீருக்கு 30 மீட்டர் மேலே, நேரம் குறித்த டிக்கெட், காற்று பலமாக அடித்தால் மூடிவிடுவார்கள். டன்லூஸ் கோட்டை பத்து நிமிஷம் தள்ளி. டார்க் ஹெட்ஜஸ் மரவரிசைக்காக வளைந்து போக வேண்டாம் என்பேன். மரங்கள் வயதாகி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன, நேரில் பார்த்தால் கார்களும் செல்ஃபிக்காரர்களும்தான். ஆளுக்கு ஆள் இது மாறும், இந்த மரங்கள் வரும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

கல்லும் பாலமும் முழு மார்க் வாங்கினாலும் பெல்ஃபாஸ்ட்டின் தலையெழுத்தை எழுதுவது பாஸ்போர்ட். வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுடன் டப்ளினில் ஐ.ஆர்.பி. அட்டை (அயர்லாந்தில் வசிக்கும் அனுமதி) வைத்திருந்தாலும் அங்கே போகத் தனி யு.கே. விசா வேண்டும். எல்லையில் சாவடி கிடையாது, சாலையோர வேகப்பலகை கிலோமீட்டரில் இருந்து மைலுக்கு மாறுவதுதான் ஒரே அடையாளம், அதனால் "யாரும் கேக்க மாட்டாங்க மச்சி" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ரயிலிலும் பஸ்ஸிலும் அவ்வப்போது சோதனை நடக்கத்தான் செய்கிறது, ஒரு கல்லைப் பார்ப்பதற்காகப் பிற்பாடு வரும் விசா, குடியுரிமை விண்ணப்பங்களைச் சிக்கலாக்கிக்கொள்வது அறிவில்லாத வேலை. ஐந்து பேரில் ஒருவருக்கு விசா இல்லை என்றாலும் பெல்ஃபாஸ்ட் வேண்டாம், அவரை மட்டும் விட்டுவிட்டுப் போகும் பயணம் பயணமே இல்லை. எல்லாருக்கும் விசாவோ ஐரிஷ் பாஸ்போர்ட்டோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கானலி நிலையத்தில் இருந்து எண்டர்பிரைஸ் ரயில், இரண்டு மணி நேரத்தில் பெல்ஃபாஸ்ட் கிராண்ட் சென்ட்ரல். அங்கிருந்து காஸ்வே 100 கிலோமீட்டர் வாக்கில். வாடகைக் காரில் எல்லை தாண்டுவதாக இருந்தால் எடுக்கும்போதே சொல்லுங்கள், காப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். செலவு அங்கே பவுண்டில், போன் ரோமிங்கும் யு.கே. கணக்கில்.

தெற்கே கார்க், கெர்ரி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லியே ஆட்களை ஏமாற்றுகிறார்கள். கார்க் வார இறுதிக்குள் அடங்கும், கெர்ரி அடங்காது. ரிங் ஆஃப் கெர்ரி மட்டும் 179 கிலோமீட்டர், நிறுத்தாமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம், டப்ளினில் இருந்து கில்லார்னிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். போகும் பாதி நாள், வரும் பாதி நாள் கழித்துப் பாருங்கள், டிரைவருக்கு மிஞ்சுவது முதுகுவலி. அதுவும் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓட்டுவார் என்றால் அவர் கில்லார்னி ஏரியைப் பார்க்கவே மாட்டார்.

கார்க் மட்டும் என்றால் கார் கூடத் தேவையில்லை. ரயிலில் இரண்டரை மணி நேரம், 1788-இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி, அரை மணி நேரத்தில் கோவ் துறைமுகம். டைட்டானிக் கடைசியாக நின்ற இடம் இது, 1912 ஏப்ரல் 11. அப்போது பெயர் குவீன்ஸ்டவுன். பெல்ஃபாஸ்ட்டில் கப்பல் பிறந்த கதை, இங்கே அது கரையைப் பார்த்த கடைசி நாளின் கதை; பளபளப்பு குறைவு, எனக்கு இதுதான் மனதில் நின்றது. இன்னொரு நாள் 226-ஆம் எண் பஸ் பிடித்து கின்சேல், வண்ண வண்ண வீடுகள், கோட்டை வரை கடலோர நடை. ஆனால் மோஹரோ காஸ்வேயோ தரும் அந்த 'அடேயப்பா' கார்க் நகரத்தைச் சுற்றிக் கிடைக்காது, அதற்கு மேற்கே வெகுதூரம் போக வேண்டும். போகிறவர்கள் அகிஸ்டா கிராமத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1985 ஜூன் 23 அன்று இந்தக் கரைக்கு அப்பால் குண்டு வெடித்து விழுந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் இறந்த 329 பேருக்கும் அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்றும் அந்த நாளை மறக்காமல் கூடுகிறார்கள்.

இனி அந்தச் சோம்பேறியின் ஹோத். டார்ட் எனும் புறநகர் ரயிலில் அரை மணி நேரம், லீப் பயண அட்டையைத் தட்டினால் போதும், இறங்கினதும் துறைமுகத்தில் சீல்கள், பின்னால் ஹெதர் பூத்த குன்றைச் சுற்றி பாறையோரப் பாதை. இரண்டாம் நாள் தெற்கே கில்லைனி, டால்கி. ப்ரேயில் இருந்து கிரேஸ்டோன்ஸ் வரையான பாதையை நம்பிக் கிளம்ப வேண்டாம், சரிவு காரணமாக மூடியது. மழை என்றால் நேஷனல் மியூசியம், நேஷனல் கேலரி, செஸ்டர் பீட்டி மூன்றும் இலவசம். கில்மேனம் சிறைக்கு டிக்கெட் பல நாள் முன்பே தீர்ந்துவிடும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் 14 பேரைச் சுட்டுக்கொன்ற முற்றம் அங்கேதான் இருக்கிறது. டப்ளினில் வசிப்பவர்களுக்குத் தங்கும் செலவே இல்லை. வெளியூரில் இருந்து வரும் நண்பர்களுக்கு என்றால் கதை வேறு, நாட்டிலேயே ரூம் விலை அதிகமான ஊர் இது, அந்தக் காசுக்கு கால்வேயில் கடல் பார்த்த அறை கிடைத்தாலும் கிடைக்கும். இன்னொன்று, சொந்த ஊரில் சுற்றினால் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொருவராக "துணி துவைக்கணும்" என்று கழன்றுகொள்வார்கள்.

அதனால் என் வரிசை இது: பாஸ்போர்ட் பிரச்சினை இல்லாத கூட்டம் என்றால் பெல்ஃபாஸ்ட், மற்ற எல்லாருக்கும் கால்வே, கார் ஓட்ட ஆள் இல்லாமல் அமைதியாக இருக்க நினைக்கும் மூன்று பேர் என்றால் கார்க். நவம்பர் முதல் ஜனவரி வரை என்றால் வரிசையே தலைகீழ். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கடற்கரைக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் இருட்டைப் பார்ப்பதற்கு டப்ளின் மியூசியமும் ஹோத்தில் சூடான சூப்பும் எவ்வளவோ மேல்.

கெர்ரியை விட மனசில்லை என்கிறவர்கள் திங்கள் விடுமுறை சேர்ந்த வார இறுதிக்குத் தள்ளிவையுங்கள். அக்டோபர் கடைசித் திங்களை எடுக்காதீர்கள், பெரும்பாலும் கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்கும் வார இறுதியும் அதுதான், திடீரென்று மாலையில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். ஜூன் முதல் திங்கள் சரியாக இருக்கும், இரவு பத்து மணி வரை வெளிச்சம், ஓட்ட இரண்டு பேர், ரூமை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். டூர் பஸ்கள் எல்லாம் ரிங்கை இடஞ்சுழியாகச் சுற்றும். அவற்றுக்குப் பின்னால் மாட்டாமல் இருக்கக் காலை எட்டரைக்குள் கில்லார்னியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.