நெல்லுக்கு இலை வண்ண அட்டை வாங்கலாமா? ஒரு நேர்மையான ரிவ்யூ

கையடக்கமா ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதுல மஞ்சப் பச்சைல ஆரம்பிச்சு கரும்பச்சை வரைக்கும் வரிசையா எண் போட்ட கலர் கட்டம், பொருள் அவ்ளோதாங்க. நெல் இலையோட கலர இதோட ஒப்பிட்டுப் பாத்து, இப்ப யூரியா போடணுமா வேணாமான்னு முடிவு பண்ணலாம். பேட்டரி இல்ல, ஆப் இல்ல, ஓடிபி இல்ல. ஜப்பான்ல புழங்கின ஐடியாவ எடுத்து பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 90கள்ல வெப்பமண்டல நெல்லுக்குத் தோதா மாத்துனது இது, நம்ம ரகத்துக்கு எவ்ளோன்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தனியா அளவு சொல்லியிருக்கு.

உபயோகிக்கறது ஈசி ஆனா சோம்பேறித்தனம் ஆகாது. நட்ட 14ம் நாள்ல இருந்து கதிர் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை, காலைல 8 டூ 10க்குள்ள, வயல்ல 10 இடத்துல, மேல இருந்து மூணாவதா நல்லா விரிஞ்ச இலைய பிய்க்காம அட்டை மேல வச்சுப் பாக்கணும். வெயில் நேரா விழாம நம்ம நிழல்ல வச்சுப் பாக்கணும், ஒரே ஆளே கடைசி வரைக்கும் பாக்கணும், ஏன்னா என் கண்ணுக்கு 3னு தெரியறது எங்க வீட்டம்மாவுக்கு 4னு தெரியுது, இதுக்கே வரப்புல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கும் வீரிய ஒட்டுக்கும் (ஹைப்ரிட்) 4, இதுக்குக் கீழ 10ல 6 இடம் காட்டுனா மேலுரமா (நட்டதுக்கப்புறம் தூவற உரம்) யூரியா போடு, இல்லைன்னா சும்மா வீட்டுக்குப் போ.

போடற அளவுலதான் விஷயமே இருக்கு. வெயில் பட்டத்துக்கு ஒரு தடவைக்கு எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), மழைப் பட்டத்துக்கு 30. யூரியால 46 சதவீதம்தான் தழைச்சத்துங்கறதால கணக்குப் போட்டா 35ங்கறது ஏக்கருக்கு சுமார் 30 கிலோ யூரியா, மாவுக்கு (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) 10 கிலோ. ஆனா மூட்டை வர்றது 45 கிலோ, பிரிச்ச மூட்டைய எவன் மிச்சம் வைப்பான், ஈரம் பட்டு கட்டி ஆயிடும்னு முழுசையும் வீசிட்டு வந்துடறோம். மூட்டை 266 ரூபா 50 காசுக்கு கிடைக்கறப்ப மிச்சம் பிடிக்கணும்னும் தோணாது.

அதனால காசு மிச்சம்னு சொல்லி இத வித்தா எடுபடாதுங்க. போடற யூரியால பாதிக்கு மேல பயிருக்கே போறதில்ல, அம்மோனியாவா காத்துல போகுது, நைட்ரேட்டா நிலத்தடி தண்ணில இறங்குது, மிச்சத்துல ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மேல போயி கார்பன் டை ஆக்சைட விட 270 மடங்குக்கு மேல சூட்டப் பிடிச்சு வைக்குதுங்கறது எல்லாம் நிஜம், குழாய்த் தண்ணி குடிக்கற புள்ளைங்களுக்காகவே யோசிக்கணும். ஆனா எங்க தெருவுல அத சொன்னா தலைய ஆட்டிட்டுப் போயிடுவாங்க. கரும்பச்சையா நிக்கற வயல்லதான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் அதிகம் அடிக்குது, ஒரு காத்துக்கே பயிர் சாஞ்சிடுது, ஒரு ரவுண்டு மருந்தடிக்கற செலவு ஒரு மூட்டை யூரியா விலைய விட எவ்ளோ ஜாஸ்தின்னு சொல்லிப் பாருங்க, அட்டை எங்க கிடைக்கும்னு அவங்களே கேப்பாங்க. விவசாயிக்கு எது வலிக்குதுன்னு கேட்டுட்டு அப்புறம் அறிவியல் பேசணும். இலங்கைல கொழும்புல 2019ல பல நாடுங்க சேந்து 2030க்குள்ள நைட்ரஜன் வீணாகறத பாதியா குறைப்போம்னு பிரகடனம் போட்டாங்க, அதே நாட்டுல 2021ல யாரையும் சரியா கேக்காம ரசாயன உரத்தையே ஒரேடியா நிறுத்தி, விவசாயிங்க ரோட்டுக்கு வந்ததுக்கப்புறம் நவம்பர்ல தடைய வாபஸ் வாங்குனாங்க. அதுக்கு இந்த அட்டை எவ்வளவோ தேவல, போடாதன்னு சொல்லல, பாத்துட்டுப் போடுன்னு சொல்லுது, முடிவு நம்ம கையில.

குறையும் இருக்கு. இலை வெளுத்தா எல்லாம் தழைச்சத்துக் குறைன்னுதான் அட்டைக்குத் தெரியும், கந்தகக் குறையோ துத்தநாகக் குறையோ நோயோ இருந்தா ஏமாத்திடும், யூரியாவா கொட்டிக்கிட்டே இருப்பீங்க. எனக்குக் கிடைச்ச அட்டைல பின்பக்கம் எந்த ரகத்துக்கு எந்த எண்ணுனு ஒரு வரி கூட இல்ல, கொடுத்த எடத்துல கேட்டா நோட்டீஸ் தீந்துடுச்சாம். அந்த ஒரு வரி இல்லாம பொன்னிக்காரங்க 4 வச்சுப் பாத்தா தேவையில்லாம போட்டுட்டே இருப்பாங்க. இதுக்காகவே அஞ்சுக்கு நாலு ஸ்டார்தான்.

வாங்குறவங்க மார்க்கர்ல உங்க ரகத்தோட எண்ண பின்னால எழுதிக்கோங்க, டிராக்டர் முன்னாடி வெயில்ல போட்டு வைக்காதீங்க, கலர் வெளுத்துட்டா அப்புறம் அதுவும் ஒரு பிளாஸ்டிக் துண்டுதான்.